மூன்றாவது அளவு

வேம்புலி போடும் இஞ்சி டீயில் சர்க்கரை எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். இப்போது நீங்கள் வாங்கிக் கொடுத்த இந்த டீயில் கொஞ்சம் தூக்கல். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஐயா. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதனால் மனதில் தோன்றுவதையும் சேர்த்தே சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே அவன் கடை. எனக்கும் அவனுக்கும் நல்ல பழக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்களாம்.

என் பெயர் பாண்டியன், ஊர் முத்தாபுதுப்பேட்டை. உடம்பை அளக்கும் கருவிகள் செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. அதில் சோதனைப் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான், ஒரு மேசை, ஒரு தராசு. அந்தத் தராசை வேறு யாரையும் தொட விடமாட்டேன். மேசை ஆடுகிறதா என்று பார்த்து, ஆடினால் காலுக்கடியில் அட்டை வைத்து, மட்டக் குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் அதன்மேல் எதையும் வைப்பேன். வெளியே சோதனைக்குப் போனால் ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். விற்பனையைப் பார்த்துக்கொள்கிற ஜெகன், "இன்னாண்ணா, பெத்த கொழந்தைய தடுப்பூசிக்குத் தூக்கினு போற மாதிரி போறீங்க" என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். சரியாக அளப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள்.

நாங்கள் கடைசியாகச் செய்தது ஒரு பெல்ட். வயிற்றுக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று சொல்கிற பெல்ட். வெளியே தொங்குகிற தொப்பை இல்லை, குடலைச் சுற்றிக்கொண்டு உள்ளே கிடக்கிறதே, அந்தக் கொழுப்பு. பெல்ட்டின் உட்பக்கம் நான்கு உலோகத் தகடுகள். அவற்றின் வழியாக மிகச் சின்ன மின்சாரம் வயிற்றுக்குள் போய் வரும். கட்டிக்கொண்டவருக்கு ஒன்றுமே தெரியாது. சதை மின்சாரத்தைச் சுலபமாக விடும், கொழுப்பு தடுக்கும். எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்து, பெல்ட் ஓர் எண்ணைக் காட்டும். எங்கள் கணக்கில் நூறைத் தாண்டினால் ஆபத்து.

எண் காட்டுவது பெரிய வித்தை இல்லை. காட்டுகிற எண் சரியா என்பதுதான் கேள்வி. அது தெரிய வேண்டுமென்றால் திறந்து பார்க்க வேண்டும். இதில் நான் ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை. ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் செய்துவந்தேன். ஆவடியில் ஒரு கடையில் பன்றிக் கறி வாங்குவேன், தோலும் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுப் பாகம். அதன்மேல் பெல்ட்டைச் சுற்றி அளவு எடுப்பேன். பிறகு கத்தியால் கொழுப்பைத் தனியாக வழித்து எடுத்துத் தராசில் வைப்பேன். அளவு, வெட்டு, எடை. மூன்றும் முடிந்தால்தான் ஒரு சோதனை முடிந்ததாக அர்த்தம். எடை போடாமல் வெட்டினால் அது சோதனை இல்லை, கசாப்பு. இதை ஜெகனுக்கே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

செத்த கறியில் சூடு இருக்காது, ரத்தம் ஓடாது, அதனால் மின்சாரம் போகிற விதமும் வேறு. ஆகவே உயிருள்ள ஒன்றில் பார்க்கலாம் என்று ஆடு வாங்கினேன். முதலாளி ஜெயராமன் சாரிடம் கேட்டுக்கொண்டுதான் வாங்கினேன். கம்பெனிக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, ஆட்டின் வயிற்று மயிரைச் சிரைத்து பெல்ட்டைக் கட்டினேன். திமிறாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. வேம்புலிதான் வந்தான். முன்னங்கால் இரண்டையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். எண் வந்தது. கழுத்தில் கத்தியை வைத்தேன். துடிப்பு அடங்கிய பிறகு வயிற்றைத் திறந்து, கொழுப்பை எடுத்து எடை போட்டேன். நன்றாகவே ஒத்துப்போனது. மிச்சத்தை வேம்புலி பிரியாணி போட்டான், கம்பெனியே சாப்பிட்டது.

எனக்கு அன்று மிகுந்த சந்தோஷம். அதையும் சொல்லத்தானே வேண்டும். உயிரோடு இருக்கும்போது கருவி சொன்னதும், திறந்த பிறகு கண்ணால் பார்த்ததும் ஒன்றாக வருகிற அந்த நிமிடம் இருக்கிறதே, அதற்கு ஈடாக எதையும் நான் அனுபவித்ததில்லை. என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்தேனா என்று தெரியவில்லை. இரண்டு ஆடு, மூன்று ஆடு என்று போனது. பிறகு ஜெயராமன் சார் நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆபீஸ் முழுக்க வாடை அடிக்கிறதாம், வருகிற டாக்டர்கள் மூக்கைப் பிடிக்கிறார்களாம். "இனிமே மனுஷங்கள வெச்சுப் பாருங்க பாண்டியன். நாம பெல்ட்டுல அளப்போம், வேலப்பன்சாவடி ஸ்கேன் சென்டர்ல படம் எடுப்பாங்க, ரெண்டையும் ஒப்பிட்டா போதும்" என்றார்.

எனக்கு ஸ்கேனில் நம்பிக்கை கிடையாது. அது படம். தொப்புள் மட்டத்தில் ஒரு படம் எடுத்து, எதெது கொழுப்பு என்று கம்ப்யூட்டரே வண்ணம் அடித்து, அதை வைத்து ஒரு எண் சொல்வது. கறிக்கடை போட்டோவைப் பார்த்து எத்தனை கிலோ என்று சொல்வது போலத்தான். ஆனால் சம்பளம் கொடுப்பவர் சொல்கிறார், செய்ய வேண்டியதுதானே.

ஆட்கள் வந்தார்கள். கம்பெனிக்காரர்கள், அவர்கள் வீட்டு மனிதர்கள், பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் என்று ஒருவர் பாக்கியில்லை. ஸ்கேன் இலவசம் என்றதும் வேம்புலியும் வந்தான். மோதிரம், செயின், வாட்ச், இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைக்கச் சொல்வேன். பிறகு எங்கள் பெல்ட்டைக் கையில் கொடுத்து, திரைக்குப் பின்னால் போய் அவர்களையே கட்டிக்கொள்ளச் சொல்வேன். வாங்குகிறவர்கள் நாளை வீட்டில் எப்படிக் கட்டிக்கொள்வார்களோ அப்படியே இருக்கட்டும் என்று நான் வைத்த முறை அது. எல்லோருக்கும் பெல்ட்டும் ஸ்கேனும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. அந்த ஸ்கேனைக்கூடக் கொஞ்சம் மதிக்க ஆரம்பித்திருந்தேன்.

வேம்புலிக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. பெல்ட் அறுபத்திரண்டு என்றது. ஸ்கேன் நூற்றெழுபதைத் தொட்டது.

அவனை நீங்கள் உயிரோடு பார்த்ததில்லை. முன்னால் வயிறு வரும், பின்னால் அவன் வருவான். அறுபத்திரண்டு என்பது ஓட்டப்பந்தயம் ஓடுகிற பையனின் வயிறு. மறுபடி அளந்தேன், அறுபத்திரண்டு. வேறு பெல்ட் மாற்றினேன், அறுபத்திமூன்று. சாப்பாட்டுக்கு முன், பின், நின்றபடி, படுத்தபடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எண் அசையவில்லை. தப்பான கருவி என்றால் ஆளுக்கொரு பேச்சு, நேரத்துக்கொரு பேச்சு பேசும். இது ஒரே வார்த்தையில் நின்றது. அப்படி நிற்கிற ஒன்றை நான் எப்படிப் பொய் என்பேன், நீங்களே சொல்லுங்கள்.

ஸ்கேன் சென்டரில் படம் எடுக்கிற பெண் சபீனாவுக்கு போன் செய்து, அவன் மூச்சைப் பிடித்திருந்தானா, மட்டம் தவறியதா என்று கேட்டேன். "எல்லாம் சரியாத்தான்ணா எடுத்தோம். வேணும்னா கூட்டினு வாங்க, மறுபடி எடுக்கலாம்" என்றாள். மறுபடி எடுத்தார்கள். அதே நூற்றெழுபது. அதுவும் அசையவில்லை.

ஜெகன்தான் ஒருநாள் என் மேசையோரம் வந்து சாய்ந்துகொண்டு, "அண்ணா, இத்தினி பேர்ல ஒருத்தர்தானே? டீக்கடைக்காரர தூக்கிட்டா எல்லாம் சுத்தமாயிடும். யாருக்குத் தெரியப்போவுது?" என்றான். வராத ஆளை வந்தது போல எழுதுவதும் வந்த ஆளை வராதது போல அழிப்பதும் எனக்குத் தெரியாத தொழில். அவன் கை என் இழுப்பறைக்குள் ஸ்டேப்ளர் தேடிக்கொண்டிருந்தது. நான் இழுப்பறையை மூடினேன். கொஞ்சம் அழுத்தமாகத்தான் மூடினேன், திறக்கவும் சற்றுத் தாமதித்தேன். இரண்டு விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவன் அதற்குப் பிறகு யாரையும் தூக்குவது பற்றிப் பேசவில்லை. தவறுதலாகப் பட்டுவிட்டது என்று ஜெயராமன் சாரிடம் அவனே சொன்னானாம். நல்ல பையன்.

விஷயம் எப்படியோ டீக்கடைக்குப் போய்விட்டது. வேம்புலிக்கு அது பெரிய கொண்டாட்டம். பஜ்ஜி போட்டுக்கொண்டே சட்டையைத் தூக்கிக் காட்டுவான். "நல்லா பாத்துக்கோங்க நைனா, இது தொப்பை கெடையாது. அறுபத்திரண்டு. பாண்டியன் மிஷினே சொல்லிக்கீது" என்று வயிற்றில் படீர் படீரென்று தட்டுவான். லோடு இறக்குகிறவர்கள், ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள், எல்லோரும் டீ சிந்தச் சிந்தச் சிரிப்பார்கள். பிறகு அந்த எண்ணே எனக்குப் பெயராகிவிட்டது. தூரத்தில் நான் வரும்போதே, "அறுபத்திரண்டு வர்றாரு, ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்பான். எங்கள் கம்பெனி வாட்ச்மேனும் கேட்டைத் திறக்கும்போது, "வணக்கம் அறுபத்திரண்டு" என்றார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். என் நிஜப் பெயரே மறந்துபோயிருக்கலாம்.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. இதை நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள், நானும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கேலி செய்கிற ஆளைக் கொல்வதென்றால் எஸ்டேட்டில் பாதிப் பேரைக் கொல்ல வேண்டும். தினமும் போய் அந்த டீயைக் குடித்தேன், காசு கொடுத்தேன், அவன் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தேன். வேம்புலிக்கும் என்மேல் கள்ளம் கபடம் கிடையாது. "கோச்சுக்காத மாமே, சும்மா டமாசு" என்று ஒரு பஜ்ஜியைக் கூடுதலாக வைப்பான்.

பிறகு ஜெயராமன் சார் கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குள் இது ஏன் என்று தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அந்த பெல்ட்டையே நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். "ஒரு ஆளுக்கு இவ்ளோ தப்பா காட்டினா, நாளைக்கு எவன் வயித்துல எத விட்டுடுவோம்னு எப்படித் தெரியும் பாண்டியன்?" நியாயமான பேச்சு. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பெல்ட் ஒன்று சொல்கிறது, ஸ்கேன் ஒன்று சொல்கிறது. இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்றாவதாக ஒருவர் வந்து சொல்ல வேண்டும். மூன்றாவது அளவு எது என்று எனக்குத் தெரியும். பன்றிக் கறியிலும் ஆட்டிலும் அதைத்தானே செய்துவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒரு தடவை அளக்கலாம் என்று வேம்புலியைக் கூப்பிட்டேன். வெட்டுவதற்காகத்தான் கூப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமையே கத்தியைத் தீட்டிவைத்தேன், தரைக்கு பிளாஸ்டிக் ஷீட் வாங்கினேன், தண்ணீர் டிரம்மை நிரப்பினேன். முன்னேற்பாடு என்பது என் சுபாவம். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைப்பேன், தேவைப்படாவிட்டால் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.

இடம் நீங்கள் பார்த்ததுதான். ஊரில் எங்கள் குடும்ப நிலத்தை வீட்டுமனையாக விற்றது போக மூலையில் மிஞ்சி நிற்கும் மோட்டார் ரூம். சுற்றிலும் முள்வேலி, அப்பால் விமானப்படைக்காரர்கள் இடம். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் லீவு என்பதால் வேம்புலிக்கும் கடை கிடையாது. காட்டுப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தான். தோளில் கடைத் துண்டு, கையில் காலிப் பை. போகும்போது கறி வாங்கி வரச் சொல்லி சொர்ணம் கொடுத்த பையாம். சொர்ணம் அவன் மனைவி.

"இன்னா மாமே, கம்பெனிய விட்டுட்டு மோட்டார் ரூமுல டெஸ்ட் வெச்சிக்கீறே?"

"இங்க சத்தம் கெடையாது, கரெண்டு இழுக்கற மிஷின் கெடையாது. சுத்தமா வரும்" என்றேன். அது உண்மைதான்.

மேசைமேல் படுக்கவைத்தேன். மூச்சுக்கு வயிறு அசைந்தால் எண் மாறும், கட்டிப் போடலாமா என்று கேட்டேன். "ஆட்டுக்குப் பண்ண மாதிரி பண்ணிடாத மாமே" என்று சிரித்தபடியே கையை நீட்டினான். கையையும் காலையும் கயிற்றால் மேசைக் காலோடு கட்டினேன். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு சுற்று. ஆடு இவ்வளவு சுலபமாக ஒத்துழைக்காது.

இந்த முறை பெல்ட்டை நானே கட்டினேன். சட்டையைத் தூக்கி, பேண்டைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். தொப்பை மடிப்புக்கு அடியில் பளிச்சென்று ஏதோ தெரிந்தது. கை விட்டு இழுத்துப் பார்த்தேன். விரல் பருமனில் வெள்ளி அரைஞாண். இடுப்பைச் சுற்றி ஒரு முழு வளையம். அதற்கு மேலேதான் இத்தனை நாளும் பெல்ட்டின் தகடுகள் உட்கார்ந்திருக்கின்றன. மின்சாரத்துக்கு வயிற்றுக்குள் போய் வர வேண்டிய வேலையே இல்லை. வெள்ளியில் ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு நேராகத் திரும்பி வந்திருக்கிறது. தடை இல்லை என்றால் கொழுப்பு இல்லை என்றுதானே பெல்ட் சொல்லும். ஸ்கேன் படம் தொப்புளுக்கு நேராக எடுப்பது, கொடி அதற்குக் கீழே கிடந்ததால் அதில் வரவில்லை.

"வேம்புலி, உலோகம் எல்லாத்தையும் கழட்டச் சொன்னேனே" என்றேன்.

"கழட்டினேனே. மோதரம், செயினு எல்லாம் கழட்டினேனே."

"இது?"

"இது அரணாக்கொடி மாமே." என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். "இதப் போயி யாராச்சும் நகைன்னு கழட்டுவாங்களா? என் மாமனாரு போட்டது. பொணத்துக்குத்தான் அவுப்பாங்க."

அவன் சொன்னதில் தப்பில்லை. என் இடுப்பிலும்தான் இருக்கிறது, ஆனால் கறுப்புக் கயிறு. கயிற்றில் மின்சாரம் போகாது. இந்த ஊரில் சோதனைக்கு வந்த ஆண்கள் எல்லோரும் அப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் வந்திருப்பார்கள், எல்லாம் கயிறாக இருந்திருக்கும். ஒருவரும் அதைக் கழற்ற நினைக்கவில்லை, கழற்றச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. உடம்போடு உடம்பாகக் கிடப்பதைப் பொருள் என்று யார் எண்ணுவார்கள். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இங்கே உட்கார்ந்து யோசிக்கும்போது அது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

"ஒரு நிமிஷம் அவுக்கறேன், ஒடனே போட்டுடலாம்" என்றேன். வேண்டாம் வேண்டாம் என்று முனகினான், ஆனால் கை கட்டியிருந்ததே. கொக்கியைத் தளர்த்தி உருவினேன். தொப்பையை ஒரு தடவை துடைத்துவிட்டு பெல்ட்டைக் கட்டி அழுத்தினேன். நூற்று அறுபத்தெட்டு. இன்னொரு தடவை. நூற்று அறுபத்தெட்டு.

ஸ்கேன் சொன்னதும் இதுவும் ஏறக்குறைய ஒன்று. பெல்ட்டில் குறை இல்லை, ஸ்கேனிலும் குறை இல்லை, ஆளிலும் குறை இல்லை. திங்கட்கிழமை காலை ஜெயராமன் சாரிடம் போய் ஒரு வரியில் சொல்லிவிடலாம். நான் எண்ணைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன். அவனுக்கும் சந்தோஷம்.

"அப்ப சரியாப்பூச்சு இல்ல? என்னாலதான் உனுக்குப் பேஜாராப்பூச்சு மாமே, மன்னிச்சுக்கோ. அவுத்து வுடு, கறி தீந்துடும், சொர்ணம் வஞ்சிகினு இருப்பா." பிறகு மேலே பார்த்தபடி கொஞ்ச நேரம் தனக்குள் சிரித்துக் குலுங்கினான். வயிறு குலுங்கியது. "ஆமா, இனிமே உன்ன இன்னா நம்பரு சொல்லிக் கூப்புடறது? நூத்தி அறுபத்தெட்டுன்னா வாய்ல நொழைய மாட்டேங்குதே."

நான் கத்தியை எடுத்தேன்.

அந்தப் பேச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுத்தடுத்து நடந்ததால் உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது. என் யோசனை வேறு. இரண்டு கருவிகள் ஒன்றைச் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? இரண்டும் சேர்ந்து தப்பாகவும் சொல்லலாம். மனிதர்கள் விஷயத்தில் ஒப்பிட்டதெல்லாம் இதுவரை படத்தோடுதான். மனித வயிற்றைத் திறந்து ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எல்லாம் தயாராக இருக்கிறது, ஆளும் அசையாமல் இருக்கிறான். இப்படி ஒரு வாய்ப்பு மறுபடி அமையாது என்று நினைத்தேன். நிதானமாக நினைத்தேன்.

ஆட்டை முதலில் கழுத்தில் அறுத்து, அடங்கிய பிறகுதான் வயிற்றைத் திறப்போம். வேம்புலி விஷயத்தில் அந்த வரிசை மாறிவிட்டது. முதல் வெட்டு தொப்புளுக்கு இடது பக்கத்தில் விழுந்தது. அவன் உடனே கத்தவில்லை. தன் வயிற்றைத் தானே பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "இன்னா மாமே" என்றான், டீயில் ஈ விழுந்ததைக் காட்டுகிற குரலில். இரண்டாவது வெட்டுக்குத்தான் கத்தினான். தோளில் இருந்த கடைத் துண்டையே வாயில் திணித்தேன். மேசை நடந்தது, ஐயா. கட்டிய கயிறோடு இழுத்துக்கொண்டு சுவர் வரைக்கும் நகர்ந்தது. நல்ல பலம் அவனுக்கு. நான் அவன் தொடைமேல் முட்டியை ஊன்றி ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியிருந்தது. கை வழுக்கியது, பிடியைத் துடைத்துத் துடைத்துப் பிடித்தேன். எத்தனை வெட்டு என்று டாக்டர் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். நான் எண்ணவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். அதையும் பார்க்கவில்லை. துண்டை எடுத்தபோது அவன் வாயில் இஞ்சி வாசனை இருந்தது, அது ஞாபகம் இருக்கிறது.

கொழுப்பு இருந்தது. ஸ்கேனும் பெல்ட்டும் சொன்ன மாதிரியே, மஞ்சளாக, கனமாக, குடலைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக. கையில் அள்ளிப் பார்த்தேன். சூடாக இருந்தது. எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆட்டைத் திறந்த அன்று வந்த சந்தோஷம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்போது அவன் போன் அடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். சொர்ணம். "அண்ணா, அவரு இன்னும் அங்கயா கீறாரு? அடுப்பப் பத்த வெச்சுட்டேன்" என்றாள்.

"டெஸ்ட் முடிஞ்சிடுச்சும்மா. நானே வரேன்" என்றேன்.

டிரம் தண்ணீரில் குளித்தேன். அரைஞாணைத் தனியாக எடுத்து, சோப்புப் போட்டு, கொக்கி இடுக்கில் எல்லாம் பழைய பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். பிறர் பொருள் என்னிடம் தங்கக் கூடாது. அவன் ஸ்கூட்டரையே எடுத்துக்கொண்டு காட்டுப்பாக்கம் போனேன். வழியில் அரைக் கிலோ கறியும் வாங்கினேன், அந்தப் பையிலேயே. சொர்ணம் வாசலுக்கு வந்தாள். கறியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். "அவரு எங்கண்ணா?" என்று என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நான் சட்டைப் பையிலிருந்து கொடியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது, பளபளவென்று இருந்தது, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இருந்தும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சத்தத்துக்குத் தெருவே கூடிவிட்டது. அவர்கள் என்னை அடித்ததற்கு நான் புகார் கொடுக்கப் போவதில்லை. அவர்கள் நிலையில் யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. வேம்புலி ராமசாமியைக் கொன்றது நான், தனியாக, சுய நினைவோடு. எதற்காக என்றால் கருவியின் துல்லியத்துக்காக. நாளைக்கு எத்தனையோ பேர் அந்த பெல்ட்டை நம்பி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அவர்களுக்குத் தப்பான எண் போகக் கூடாது. அரைஞாணைக் கழற்றிவிட்டுக் கட்டவும் என்று பெட்டிமேல் ஒரு வரி அச்சடித்தால் போதும். ஜெயராமன் சாருக்கு மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

தராசு எங்கே என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். மோட்டார் ரூமிலிருந்து எடுத்த பொருள்களை இந்த மேசையில் வரிசையாக வைத்திருக்கிறீர்கள், பெல்ட், கத்தி, கயிறு, ஷீட், சோப்பு, பிரஷ் எல்லாம் இருக்கிறது. தராசு இல்லை. அது கம்பெனியில் என் மேசைமேல் உறை போட்டபடி இருக்கிறது. சனிக்கிழமை சாயந்திரம் கிளம்பும்போது நானே உறை போட்டேன், மட்டக் குமிழியைக்கூட ஒரு தடவை பார்த்தேன். அப்படியானால் உள்ளே இருந்ததை எதில் எடை போடுவதாக இருந்தாய் என்கிறீர்கள். நல்ல கேள்வி. அவ்வளவையும் யோசித்து எடுத்துவைத்தவன் அதை மட்டும் மறந்திருக்கிறேன்.

மறதிதான், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.